பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற கப்பல்

போன வாரம் லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் பக்கத்திலிருக்கும் சாமான் கடையில் போய் நின்றேன். மொட்டை மாடியில் துணி காயப்போடுவதற்கு ஒன்று வேண்டும். பழையது அறுந்துவிட்டது, ஈரப் போர்வை இரண்டு நாளாக நாற்காலி முதுகில் தொங்குகிறது. கடைக்காரர், "கீ லாக்பே, மாஷிமா?" என்று கேட்டார். என்ன வேண்டும் என்று கேட்டதில் தப்பில்லை, ஆனால் நேற்றுவரை திதி என்று அக்காவாக இருந்தவளை எப்போது மாஷிமா என்று பெரியம்மாவாக்கினார்கள் என்று எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. அந்தக் கோபம் அடங்கி வாயைத் திறந்தால், வாங்க வந்த பொருளின் பெயர் வரவில்லை. தமிழில் வரவில்லை. வங்காளத்தில், ஹிந்தியில், ஆங்கிலத்தில் எதிலும் வரவில்லை. இரண்டு கையையும் அகல விரித்து இழுத்துக் காட்டினேன். "அளக்கிற டேப்பா?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, நனைந்த துணியைப் போடுவதுபோல நடித்தேன். பின்னால் நின்ற ஒரு பையன் சிரித்தான்.

கடைக்காரர் நல்ல மனிதர். உள்ளே போய் ஒரு சணல் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். கயிறு! இரண்டு வயதுக் குழந்தைக்குத் தெரிந்த வார்த்தை. சுருளைக் கையில் வாங்கினேன். எண்ணெயும் நாரும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், காசு கொடுக்கவேண்டும் என்பதுகூட மறந்து அப்படியே நின்றுவிட்டேன்.

இந்த வயதில் எல்லோருக்கும் நடப்பதுதான் என்று நீங்கள் சொல்வீர்கள். பெங்களூரிலிருந்து என் பெண்ணும் போனில் அதையேதான் சொன்னாள். இருக்கலாம். ஆனால் உங்கள் அப்பா ஒரு பாலத்தை மறந்தவர் இல்லையே. அதனால் உங்களுக்கு என் பயம் புரியாது.

அப்பா தூத்துக்குடியிலிருந்து இளம் வயதில் கல்கத்தாவுக்கு வேலை தேடி வந்தவர். ஸ்ட்ராண்ட் ரோடில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சேர்ந்து, அங்கேயே நிலைத்துவிட்டார். சுப்ரமணியன் என்ற பெயரை ஆபீசில் யாரும் முழுசாகச் சொன்னதில்லை. மோனி பாபு என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வேலைக்கு வாட்டர் கிளார்க் என்று பெயர். சின்ன வயதில் நான் அதை ஏதோ குடிதண்ணீர் இலாகா வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், வருகிற கப்பலுக்குள் முதல் ஆளாக ஏறிப்போய், கேப்டனுக்கு என்ன வேண்டும், எத்தனை பேருக்கு டாக்டர், எவ்வளவு காய்கறி என்று கேட்டு ஏற்பாடு செய்கிற வேலை அது. பெஹாலாவில் எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கும்போதே அம்மா அவர் சட்டையை வைத்து அன்றைய சரக்கைச் சொல்லிவிடுவாள். "இன்னைக்கு உரக் கப்பலா? தள்ளி நில்லுங்க, மொதல்ல குளிங்க" என்பாள். பட்டாணிக் கப்பல் வந்த நாட்களில் மட்டும் அவரை நேராக உள்ளே விடுவாள்.

கல்கத்தாவில் கப்பல் தொழில் செய்கிறவர்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. அவர்கள் கண் எப்போதும் கீழேயே இருக்கும். எங்கள் ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிற ஆறு. இன்றைக்கு இருக்கிற ஆழம் நாளைக்கு இருக்காது. அப்பா காலையில் ஆபீசுக்குப் போன் போட்டால், குட் மார்னிங் கிடையாது, "ஜல் கதோ?" என்றுதான் ஆரம்பிப்பார். தண்ணீர் எவ்வளவு என்று அர்த்தம். கப்பல் எவ்வளவு ஆழம் கேட்கிறது, ஆறு எவ்வளவு கொடுக்கிறது, கடல்நீர் ஆற்றில் ஏறிவரும் ஏற்றம் எப்போது, இந்த மூன்றும்தான் அவருக்கு உலகம். புதுப் பாலம், அதுதான் இரண்டாவது ஹூக்ளிப் பாலம், திறந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் டாக்ஸி பிடித்து அதன்மேல் போய் வந்தோம். அம்மாவும் நானும் அண்ணாந்து அந்தக் கம்பிகளைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு வந்தோம். அப்பா ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்து, "ஏட்டி, அந்த மணல் திட்டு இந்தப் பக்கம் நகந்து வருது பாரு" என்றார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பாலம் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் காலேஜில் சேர்ந்த வருடம், குளிர்காலத்தில், அந்தப் பாய்மரக் கப்பல் வந்தது. எங்கோ தென் அமெரிக்கப் பக்கத்து நாட்டின் பயிற்சிக் கப்பல். மூன்று பாய்மரம். என் வயதுப் பையன்கள் அதில் உலகத்தைச் சுற்றிக் கப்பலோட்டப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஏஜென்சி எங்கள் அப்பாவின் ஆபீஸ். செய்தி வந்த அன்று அப்பா சாயங்காலம் சாப்பிடவே இல்லை, பேசிக்கொண்டே இருந்தார். தூத்துக்குடியில் அவர் சிறுவனாக இருந்தபோது கொழும்புக்குப் போகும் தோணிகள் பாய் விரித்துக் கிளம்புவதைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவர். அத்தனை வருடம் எண்ணெய்ப் புகை கக்கும் இரும்புப் பெட்டிகளிலேயே ஏறி இறங்கியவருக்குக் கடைசியில் ஒரு நிஜமான கப்பல் கிடைத்திருக்கிறது. அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் அட்மிஷன் கிடைத்தபோதுகூட அவ்வளவு மலரவில்லை என்று அம்மாவிடம் குறைபட்டுக்கொண்டேன்.

கப்பல் கடைசியில் போய் நிற்கப்போவது துறைமுகத்து டாக்குக்குள். அங்கே பாஸ் இல்லாமல் ஒரு ஈயைக்கூட விடமாட்டார்கள். அப்பாவுக்கு அதில்தான் மனசு ஆறவில்லை. "பாய்மரக் கப்பல ஊர் ஜனம் பாக்காண்டாமா? ஆபீசர் பிள்ளையும் மந்திரி பிள்ளையும் மட்டும் பாக்கறதுக்கா அவ்வளவு தூரம் வருது?" என்று பொருமினார். யோசித்து யோசித்து அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். டாக்குக்குள் போவதற்கு முன்னால் கப்பல் ஆற்றில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, அவுட்ராம் காட் படித்துறைக்கு எதிரே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பட்டும். கப்பல் கேட்பது கொஞ்சம் தண்ணீர்தான். ஏற்றம் வரும் நேரத்தில் ஆறு அதற்குமேல் தாராளமாகக் கொடுக்கும். முதலாளிக்கும் யோசனை பிடித்துவிட்டது. அவர் பெயர் நாலு பேருக்குத் தெரியும் அல்லவா? படித்துறையில் ஷாமியானா போடச் சொன்னார். டெக்கரேட்டர் ஆட்கள் வந்து மூங்கில் நட்டார்கள், செண்டுமல்லி மாலை தொங்கவிட்டார்கள், பாண்டு வாத்தியத்துக்குச் சொன்னார்கள்.

அப்பா எங்கள் தெருவையே அழைத்தார். எதிர் வீட்டு மாமா மித்ரா காகு, பௌதி என்று நாங்கள் கூப்பிடும் மாடி வீட்டு அண்ணி, பெஹாலாவில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லோரிடமும் போய், பாஸ் கீஸ் எதுவும் வேண்டாம், படிக்கட்டில் உட்கார்ந்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மா விடியற்காலையிலிருந்தே எலுமிச்சம்பழச் சாதம் கிளறினாள். ஒரு மெட்டடோர் வேன் பிடித்து, குரங்குக் குல்லாயும் சால்வையுமாக எல்லோரும் போனோம். கல்கத்தாவைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, தெருவில் ஒருவன் அண்ணாந்து பார்த்தால் கூட நூறு பேர் அண்ணாந்து பார்க்கிற ஊர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காரப்பொரி விற்கும் ஜால்முரிக்காரருக்கு அன்று கொண்டாட்டம். மண்குவளை டீ கைக்குக் கை போய்க்கொண்டிருந்தது. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கூட்டத்துக்குள் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். நான் மித்ரா காகுவின் பெண்ணிடம், "எங்கப்பாதான் எல்லாம்" என்று இரண்டு தடவையாவது சொல்லியிருப்பேன்.

தெற்கே பாலத்துக்கு அப்புறம் முதலில் தெரிந்தது பாய்மரக் கம்பங்களின் நுனிதான். பாலத்துக் கைப்பிடிச் சுவருக்கு மேலே மூன்று நுனிகள், மெதுவாக ஊர்ந்து வந்தன. "வருது, வருது!" என்று ஒரே சத்தம். பாண்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். கப்பல் நெருங்க நெருங்க, உச்சியில் குறுக்கே போகும் கம்பத்தில் வெள்ளை உடையில் பையன்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. அவ்வளவு உயரத்தில், கையைப் பிடிக்காமல், சிலைபோல. அவர்களுக்குக் கீழே பாலத்தில் மினி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த அழகைப் பார்க்க உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து நின்றார்கள். கப்பல் அங்கேயே நின்றது. பிறகு பையன்கள் நின்ற வரிசை மெல்லச் சாய்கோணத்தில் திரும்பியது. நுனிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒளிந்து, மறுபடி விரிந்து, வந்த வழியே சிறுத்துக்கொண்டு போயின.

ஆற்றில் கப்பலுக்கு வழிகாட்டி வந்த பைலட் அதை அங்கே கொண்டுவந்தது, பாலத்துக்கு அந்தப் பக்கமே இருக்கும் டாக்குக்குள் போவதற்காகத் திருப்ப மட்டும்தான். பாலத்துக்கு அடியில் அந்தப் பாய்மரம் நுழையவே நுழையாது. அதற்குமேல் வருமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் அப்பா.

பாண்டுக்காரர்களுக்கு நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியவில்லை. முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, சத்தம் போடாமல், "மோனி பாபு, ஊப்பர் நஹீ தேகா?" என்று கேட்டார். மேலே பார்க்கவில்லையா என்று. அப்பா பாலத்தைப் பார்த்தார். அன்றுதான் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோலப் பார்த்தார். "பாலம்... பாலம் இருக்குல்லா" என்று தமிழில் சொன்னார், யாரிடம் என்றில்லாமல். கூட்டத்தில் விசில் அடித்தார்கள். யாரோ ஒருவன் அவரைக் காட்டி ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அம்மா மட்டும் படிக்கட்டில் துண்டை விரித்து, தூக்குச் சட்டியைத் திறந்து, மித்ரா காகுவின் கையில் ஒரு தட்டைக் கொடுத்தாள். "கப்பல் எங்க போயிரப் போவுது? எல்லாரும் மொதல்ல சாப்பிடுங்க" என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "என்ன இப்படி நிக்கிய? வந்து உக்காருங்க" என்றாள். அப்பா உட்கார்ந்தார். சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார்.

கப்பல் டாக்கில் வந்து நிற்பதற்குள்ளேயே முதலாளி, இனிமேல் நீங்கள் ஆபீசிலேயே இருந்தால் போதும் என்று மரியாதையாகச் சொல்லி அவரை மேஜைக்கு மாற்றிவிட்டார். வாட்டர் கிளார்க் வேலை அவரோடு ஆபீசில் இருந்த துலால் பாபுவுக்குப் போயிற்று. அதனால் அந்தப் பாய்மரக் கப்பலில் முதலில் ஏறிய ஏஜென்சி ஆள் துலால் பாபு. அவருக்கு மனசு கேட்கவில்லை. பாஸ் வாங்கிக்கொண்டு எங்களைக் கூப்பிட வீட்டுக்கே வந்தார். அப்பா வரவில்லை. தலைவலி என்றார். அம்மாவும் நானும் போனோம். தேய்த்துத் தேய்த்து வெளுத்த மரத் தளம், கண்ணாடியாக மின்னும் பித்தளை, எந்தப் பக்கம் திரும்பினாலும் கயிறு. ஒரு பையன் சிரித்துக்கொண்டே ஒரு கயிற்றை என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னான். கனமான, தார் பூசிய கயிறு. அம்மா அண்ணாந்து உச்சியைப் பார்த்து, "இதுல நின்னானுவளே, பெத்தவ பாத்தா என்ன ஆவா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா எதையும் கேட்கவில்லை. "ஏட்டி, இங்க வா" என்று கூப்பிட்டு, என் கையைப் பிடித்து, உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். "தாரு" என்றார். அவ்வளவுதான். அந்தக் கப்பலில் அவருக்குக் கிடைத்தது அது மட்டும்தான்.

வருடங்கள் போனபின் அது எங்கள் வீட்டுத் தமாஷாகிவிட்டது. பாலத்தை மறந்த கதை என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். அதற்குள் நான் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்பா ரிட்டயர் ஆகியிருந்தார். அப்போதுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. மூக்குக்கண்ணாடி அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. துலால் பாபு வந்திருந்தபோது, அவர் போனதும், "யாரு அது, நல்ல மனுசனா இருக்காரே" என்று கேட்டார். பெஹாலா டிராமில் ஏறியவர் இறங்க மறந்து, டிப்போவில் கண்டக்டரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர், இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். அம்மா சட்டென்று, "போன வருசந்தான்" என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, என்னைப் பார்த்து, மெதுவாக, "ஏட்டி, பாலத்த மறந்தாவளே... அன்னைக்கேவா?" என்றாள். அத்தனை வருடம் நாங்கள் எதைச் சொல்லிச் சிரித்தோம்?

நான் அதை மொழிபெயர்த்துக் கேட்டேன். அவ்வளவு வருடத்துக்கு முன்னால் நடந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நியாயம்தான். முதலாளியும் தினமும் அந்தப் பாலத்தில்தான் காரில் வந்துபோனார், அவருக்கும் தோன்றவில்லையே. கீழேயே பார்த்துப் பழகிய ஒரு ஆபீஸ் முழுக்கச் செய்த தப்பாகவும் இருக்கலாம். அம்மா டாக்ஸியில் திரும்பும்போது, "அதெல்லாம் இல்ல. அந்தப் பாலத்த நேத்துதான கட்டுனான்? அவியளுக்கு ஆத்தத்தான் தெரியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். எது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் பெரிய தொந்தரவு.

ஒருநாள் மதியம் ஆபீசுக்கு அம்மாவின் போன் வந்தது. "அவியளக் காணும்ட்டி. சட்ட மாத்தி, ஷூ போட்டுப் போயிருக்காவ." ஷூ அவர் கப்பலுக்குப் போகும்போது மட்டும் போடுவது; அதைக் கேட்டதும் எனக்கு வேறு எங்கும் தேடத் தோன்றவில்லை. டாக்ஸி பிடித்து நேராகப் படித்துறைக்குப் போனேன். வழி நெடுக, இருக்கவேண்டும், இருக்கவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

இருந்தார். தண்ணீருக்கு மேலே, காய்ந்த படியில், வெள்ளைச் சட்டையில். மடியில் அவருடைய பழைய ஆபீஸ் பை. சுற்றிலும் ஜோடி ஜோடியாகக் காதலர்கள், ஜால்முரி, குழந்தைகள். "நல்ல நேரத்துக்கு வந்தட்டி. ஏத்தம் ஆரம்பிச்சாச்சு. வார நேரந்தான்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தெற்கே பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கழித்துக் கையை நீட்டி, "அது என்னது?" என்று கேட்டார்.

"பாலம்ப்பா."

அவர் அண்ணாந்து அதை முழுக்கப் பார்த்தார், ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைவரை. நெற்றி சுருங்கியது.

"அப்ப கப்பல் எப்படி வரும்?"

அன்று யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எல்லாம் போனபின் அவரே கேட்கிறார். நான் பதில் சொல்வதற்குள் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வராதுல்லா? ஜனம் பூராம் காத்துக் கெடக்கே. பிள்ளைகள வேற கூட்டிட்டு வந்திருக்காவ. யாராது போய்ச் சொல்லணுமேட்டி."

"நான் சொல்லிட்டேன்ப்பா."

"எல்லாருட்டயுமா?"

"எல்லாருட்டயும் சொல்லிட்டேன். யாரும் ஒண்ணும் நினைக்கல."

"முதலாளிட்ட?"

"அவருட்டயும்."

கையைத் தளர்த்தினார். "அப்ப வா, போவலாம்" என்று எழுந்தார். டாக்ஸியில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் அழுதுகொண்டே வந்தேன்.

இப்போது அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. ஸ்ட்ராண்ட் ரோடு ஆபீஸ் இருந்த மாடியில் வேறு பெயர்ப்பலகை. பெஹாலா டிராம் நின்றுவிட்டது. படித்துறைக்கு முன்னால் பாலம் இல்லாமல், கடல்வரை திறந்து கிடந்த ஆறு ஒன்று இருந்தது; கடைசியாக அது ஓடிக்கொண்டிருந்தது அப்பாவின் தலைக்குள்தான். அவரோடு அதுவும் போயிற்று.

மாடியில் கயிற்றைக் கட்டிப் போர்வையைக் காயப்போட்டுவிட்டேன். கை முழுக்க அந்த வாசனை இருந்தது. முகர்ந்து பார்க்க ஆள் இல்லை. என் பெண் அடுத்த தடவை கூப்பிடும்போது ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். வார்த்தை இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். எங்கேயோ ஜனங்கள் காத்திருக்கிறார்கள் என்று நான் ஒருநாள் தவித்தால், அவள் என்னிடம் வாதாடக் கூடாது. போய்ச் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் போதும்.